கையெழுத்துப் போடும் முன் கணக்காளரின் நோட்டைத் திறந்து பாருங்கள்

கேள்வி: நாங்கள் இயந்திர உதிரிபாகங்கள் செய்து விற்கிறோம். சிலவற்றை வெளியில் வாங்கியும் விற்கிறோம். மொத்தம் அறுபது பேர், மூன்று குடோன். கணக்கு ஒரு பழைய மென்பொருளிலும், சரக்கு எக்செலிலும், ஆர்டர் பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலும் ஓடுகின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் இஆர்பி மென்பொருள் ஒன்றைப் பார்த்தோம். டெமோ பிரமாதமாக இருந்தது. இந்த மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டால் நல்ல தள்ளுபடி, மூன்று மாதத்தில் ஓடத் தொடங்கிவிடும் என்கிறார்கள். உடனே வாங்கிவிட வேண்டும் என்று என் தம்பி ஒற்றைக் காலில் நிற்கிறான். இருபது வருடமாக எங்களோடு இருக்கும் கணக்காளரோ, ‘இது நமக்குச் சரிப்பட்டு வராது’ என்கிறார். ஏன் என்று கேட்டால் விளக்கிச் சொல்ல அவருக்கு வரவில்லை. கையெழுத்துப் போடலாமா? அதற்கு முன் எதையெல்லாம் திட்டமிட வேண்டும்? எக்செலை முழுக்க விட்டுவிட வேண்டியிருக்குமா?

பதில்: இந்த மாதம் கையெழுத்துப் போடாதீர்கள். தள்ளுபடி போய்விடுமே என்ற கவலை வேண்டாம். மாதக் கடைசியில் வரும் தள்ளுபடி விற்பனையாளரின் இலக்கை ஒட்டி வருவது. காலாண்டு முடிவில் அது திரும்பவும் வரும், ஆண்டு முடிவில் இன்னும் கொஞ்சம் பெரிதாகவே வரும். நான் பார்த்தவரையில், அவசரமாகக் கையெழுத்துப் போட்டு மிச்சம் பிடித்த பணத்தைவிட, பிறகு ‘இது ஒப்பந்தத்தில் இல்லை, தனியாகச் செய்து தருகிறோம்’ என்ற வகையில் வெளியே போன பணம்தான் அதிகம்.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அறுபது பேர், மூன்று குடோன் என்ற அளவில் வாட்ஸ்அப்பையும் எக்செலையும் வைத்துக்கொண்டு நெடுநாள் தள்ள முடியாது. உங்கள் தம்பி சொல்வது சரிதான். ஆனால் கணக்காளர் சொல்வதும் சரியாக இருக்கலாம். இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் சரியாகும் என்பதைத்தான் இந்தப் பதிலில் சொல்லப் போகிறேன்.

டெமோ ஏன் பிரமாதமாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அதில் காட்டிய வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்தார். சரக்கு இருந்தது. பில் போட்டார்கள், சரக்கு போனது, பணம் வந்தது. உங்கள் கம்பெனியில் ஒரு வாரத்தில் எத்தனை ஆர்டர் இப்படி நேர்கோட்டில் போகிறது? பாதி சரக்கு இன்று, மீதி அடுத்த வாரம். போன மாதம் வாங்கியதில் நான்கு உருப்படி திரும்பி வருகிறது, ஆனால் பில் நம்பர் அவரிடம் இல்லை. பழைய வாடிக்கையாளர் போனில் சொன்னார் என்பதற்காகச் சரக்கு முதலில் போய்விட்டது, பில் இரண்டு நாள் கழித்துத்தான். இவையெல்லாம் டெமோவில் வராது. கணக்காளரின் மனதில் ஓடுவது இந்தப் படம்தான். டெமோ திரையில் தான் தினமும் செய்யும் வேலை எங்கேயும் தெரியவில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. அதைச் சொல்வதற்கான வார்த்தைதான் கிடைக்கவில்லை.

இந்த வகை மென்பொருளைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். அதை நிறுவும்போது அது உங்கள் தொழிலைப் பற்றி நூற்றுக்கணக்கான கேள்விகள் கேட்கும். இருப்பில் இல்லாத சரக்குக்கு பில் போட விடலாமா? விலையை யார் மாற்றலாம்? போன மாதத் தேதியில் இன்று ஒரு பதிவு போடலாமா? கடன் வரம்பைத் தாண்டிய வாடிக்கையாளருக்குச் சரக்கு போகலாமா? ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு பதில் அமைந்தே தீரும். நீங்கள் சொல்லாவிட்டால், நிறுவ வரும் பையன் தனக்குத் தோன்றியதைப் போட்டுவிட்டுப் போவான். அல்லது மென்பொருள் வரும்போதே கொண்டுவந்த பதில் அப்படியே நின்றுவிடும். திட்டமிடுதல் என்று பெரிதாகப் பேசுவதெல்லாம் அந்தக் கேள்விகள் வருவதற்கு முன்பே உங்கள் பதிலைத் தயாராக வைத்திருப்பதுதான்.

ஒரு கம்பெனியில் நானே இதில் கோட்டை விட்டிருக்கிறேன். இருப்பு இல்லாமல் பில் போட முடியாது என்று அமைத்துவிட்டோம். கேட்பதற்கு நல்ல விதிதானே? முதல் நாள் காலையிலேயே லாரிகள் நின்றுவிட்டன. அங்கே இரவில் வந்து இறங்கும் சரக்கை மறுநாள் மதியம்தான் வரவு வைப்பார்கள். ஆனால் காலையிலேயே அதில் பாதி வெளியே போய்விடும். பல வருடமாக அப்படித்தான் நடந்துவந்திருக்கிறது, யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மென்பொருளின் கணக்குப்படி அந்தச் சரக்கு உலகத்திலேயே இல்லை. பத்து மணிக்கு விதியைத் தளர்த்தினோம். அன்றிலிருந்து இருப்புக் கணக்கு மைனஸில் போக ஆரம்பித்தது, அதைச் சரிசெய்ய நான்கு மாதம் பிடித்தது. குடோன்காரரோடு ஒரே ஒரு காலை நேரம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

இதே தவறு மிகப் பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்க சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி 1999இல் சுமார் 11 கோடி டாலர் செலவில் புதிய மென்பொருள் அமைப்புக்கு மாறியது. ஆர்டர், சரக்குத் திட்டம், கணக்கு என எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றினார்கள். முதலில் நான்கு வருடம் என்று போட்ட திட்டத்தை இரண்டரை வருடமாகச் சுருக்கினார்கள். ஏப்ரலில் ஓட வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப்போனது. அதாவது, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியத் தொடங்கும் நேரத்துக்கு. சரக்கு கைவசம் இருந்தும், சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அவர்களால் உரிய நேரத்தில் அனுப்ப முடியவில்லை. இதைப் பற்றிப் பிறகு எழுதியவர்கள் சொன்ன ஒரு காரணம் எனக்கு மறக்கவே மறக்காது. சீசனில் சரக்கு நிரம்பி வழியும்போது தொழிற்சாலைக்குள் காலியாக இருந்த அறைகளிலும், தற்காலிகமாக எடுத்த இடங்களிலும் அடுக்கிவைப்பது அங்கே வழக்கம். அந்த இடங்களை யாரும் புதிய அமைப்பில் குடோனாகப் பதிந்து வைக்கவில்லை. அதனால் அங்கே இருந்த சரக்கு கணினியின் கண்ணில் படவே இல்லை. உங்களுக்கு மூன்று குடோன் என்று எழுதியிருக்கிறீர்கள். மாடிப்படிக்குக் கீழே, ஆபீஸ் பின்னறையில், பழுது பார்க்க அனுப்பிய இடத்தில் என்று எத்தனை ‘குடோன்’ இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? விற்பனையாளரை இரண்டு மாதத்துக்கு மறந்துவிடுங்கள். ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடங்கள். வாடிக்கையாளர் செய்தி அனுப்பிய நொடியிலிருந்து, அந்தப் பணம் வங்கியில் வந்து விழும்வரை. அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, ஒவ்வொருவரும் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார், எங்கே எழுதிவைக்கிறார், எங்கே காத்துக்கிடக்கிறது என்று ஒரு வெள்ளைத்தாளில் வரையுங்கள். மீட்டிங் அறையில் எல்லோரையும் கூட்டிவைத்து இதைக் கேட்காதீர்கள். அங்கே எல்லோரும் எப்படி நடக்க வேண்டுமோ அதைத்தான் சொல்வார்கள், எப்படி நடக்கிறது என்பதை அல்ல. அவரவர் இருக்கும் இடத்துக்குப் போய், வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அதேபோல ஒரு கொள்முதல், ஒரு சரக்கு வாபஸ், உற்பத்தியில் ஒரு உருப்படி. நான்கு போதும்.

போகிற இடமெல்லாம் ‘வழக்கமாக இப்படித்தான், ஆனா…’ என்று ஒருவர் இழுப்பார். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் வருவதை எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் தங்கம். உங்கள் கணக்காளரிடம் கட்டாயம் ஒரு நோட்டு இருக்கும். இருபது வருடம் கணக்கு பார்த்தவர் யாரும் நோட்டு இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. யாருக்கு எத்தனை நாள் தவணை, யாருக்கு விலையில் என்ன சலுகை, எந்த சப்ளையர் அளவில் குறைத்து அனுப்புவார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அந்த நோட்டை வைத்துக்கொண்டு அவரோடு இரண்டு மதியம் உட்காருங்கள். பழைய மென்பொருள் செய்யாமல் விட்ட வேலையெல்லாம் அதற்குள் இருக்கிறது. புதிய மென்பொருள் எதைச் செய்தாக வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் வேறெங்கும் கிடைக்காது.

இப்படிச் சேர்ந்த ‘ஆனா’க்களை மூன்றாகப் பிரிக்கலாம். சட்டமும் வரியும் கேட்பவை ஒரு பக்கம். அவற்றில் பேச்சுக்கே இடமில்லை. வாடிக்கையாளர் உங்களைத் தேடி வருவதற்குக் காரணமானவை இன்னொரு பக்கம். உதாரணமாக, அவசரம் என்றால் இரவோடு இரவாகச் சரக்கு அனுப்புவது உங்கள் பலமாக இருக்கலாம். அதை மென்பொருளுக்காக விட்டுவிடாதீர்கள், மென்பொருள்தான் வளைய வேண்டும். மீதி எல்லாம் வெறும் பழக்கம். ஒரே பில்லை மூன்று பிரதி எடுத்து மூன்று ஃபைலில் வைப்பது, எப்போதோ இருந்த ஒரு மேனேஜர் சொன்னார் என்பதற்காக இன்னும் ஒரு ஃபாரம் நிரப்புவது. இங்கே நீங்கள்தான் வளைய வேண்டும். இதை மட்டும் கறாராகச் செய்தால் பாதிச் செலவு குறைந்துவிடும்.

வளைய மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் நிறுவனத்தைச் சொல்வார்கள். 2011இல் தொடங்கிய புதிய சரக்கு மேலாண்மைத் திட்டத்தை, சுமார் 50 கோடி யூரோ செலவான பிறகு 2018இல் கைவிட்டார்கள். லிடில் தன் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடும். அவர்கள் வாங்கிய மென்பொருளோ விற்பனை விலையை வைத்து மதிப்பிடும்படி அமைந்தது. லிடில் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை, மென்பொருளை மாற்றப் போனது. அந்த ஒரு மாற்றம் அடுத்த மாற்றத்தை இழுத்து வந்தது என்று அப்போது செய்திகளில் எழுதினார்கள். திட்டம் கவிழ்ந்ததற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் சரக்கை எந்த விலையில் மதிப்பிடுகிறோம் என்பது முதல் வாரத்திலேயே கேட்டு முடித்திருக்க வேண்டிய கேள்வி.

உங்களுக்கும் அந்தக் கேள்வி உண்டு. முதலில் வந்தது முதலில் போனதாக வைத்துக் கணக்கிடுவதா, சராசரி விலையா? இதை ஓட ஆரம்பித்த பிறகு மாற்றினால் லாபக் கணக்கே ஆட்டம் காணும். ஆடிட்டரோடு உட்கார்ந்து முன்பே முடிவு செய்யுங்கள். அதேபோல உதிரிபாகத்தைக் கிலோவில் வாங்கி எண்ணிக்கையில் விற்கிறீர்களா? பெட்டிக்கு எத்தனை என்பது சப்ளையருக்கு சப்ளையர் மாறுகிறதா? இந்த அலகு மாற்றத்தைத் தப்பாகப் போட்டுவிட்டால் எல்லாக் கணக்கும் பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்துகொண்டே தப்பாக இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

யாருக்கு என்ன அதிகாரம் என்பதும் நீங்கள் மட்டுமே முடிவு செய்ய வேண்டியது. புது சப்ளையரைச் சேர்ப்பவரும் அந்த சப்ளையருக்குப் பணம் அனுப்ப ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பில்லை ரத்து செய்யும் உரிமை எல்லோருக்கும் வேண்டாம். முடிந்துபோன மாதத்தைப் பூட்டிவைக்க வேண்டும். சின்ன கம்பெனியில் ‘நம்ம ஆட்கள்தானே’ என்று எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிடுவார்கள். பிறகு ஒரு தப்பு நடக்கும்போது, யார் செய்தது என்று தெரியாமல் எல்லோர் மேலும் சந்தேகம் விழும். அவர்களைக் காப்பாற்றவாவது இதை முன்பே செய்யுங்கள்.

இனி வருவதுதான் எல்லோரும் அலட்சியம் செய்யும் பகுதி. டேட்டா. உங்கள் எக்செலில் ஒரே பேரிங் எத்தனை பெயரில் இருக்கிறது? ஒருவர் எண்ணை மட்டும் எழுதியிருப்பார், ஒருவர் கம்பெனி பெயரோடு, இன்னொருவர் நடுவில் ஒரு கோடு போட்டு. மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒன்று. கணினிக்கு மூன்றும் வேறு சரக்கு. ஒன்றில் இருப்பு தீர்ந்துவிட்டது என்று புதிதாக ஆர்டர் போடும், இன்னொன்றின் பெயரில் நூறு உருப்படி அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

டார்கெட் என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனம் 2013இல் கனடாவில் கடை திறந்தது. இரண்டே ஆண்டில், 2015 ஜனவரியில், 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் பெரிய காரணங்களில் ஒன்று, புதிய மென்பொருளில் அவசரமாக ஏற்றிய பொருள் விவரங்கள். சென்டிமீட்டரில் போட வேண்டிய இடத்தில் அங்குலம், நீளம் இருக்க வேண்டிய இடத்தில் அகலம் என்று எழுதிவைத்திருந்தார்கள். பெட்டியின் அளவு தப்பு என்றால் லாரியில் எத்தனை ஏறும் என்பது தப்பு, அலமாரியில் எத்தனை நிற்கும் என்பதும் தப்பு. கடையில் அலமாரி காலியாகக் கிடந்தது, கிடங்கிலோ சரக்கு நிரம்பி வழிந்தது. மென்பொருள் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது.

ஆகவே பொருள் பட்டியலைச் சுத்தம் செய்வதை இன்றே ஆரம்பிக்கலாம். அதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை, அதே எக்செல் போதும். எந்த மென்பொருளை வாங்கினாலும், ஏன், எதையுமே வாங்காவிட்டாலும் இந்த உழைப்பு வீணாகாது. இரண்டு மூன்று வருடமாக அசையாத சரக்கைத் தனியே எடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே குறியீடு, ஒரே பெயர், ஒரே அலகு. குறியீட்டுக்குள் அர்த்தம் திணிக்க வேண்டாம். முதல் எழுத்து குடோன், அடுத்த எழுத்து சப்ளையர் என்றெல்லாம் வைத்தால், சப்ளையரை மாற்றிய அன்று குறியீடு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். வெறும் வரிசை எண்ணே நல்லது. இந்த வேலையைக் கணினி தெரிந்தவரிடம் கொடுக்காதீர்கள், சரக்கு தெரிந்தவரிடம் கொடுங்கள். தட்டச்சுக்கு ஒரு ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்தால் போதும்.

பழைய கணக்கு எல்லாவற்றையும் புதியதில் ஏற்ற வேண்டும் என்று ஆசை வரும். வேண்டாம். தொடக்க இருப்பு, வர வேண்டிய பணம், கொடுக்க வேண்டிய பணம், முடியாமல் நிற்கும் ஆர்டர்கள், இவை போதும். பாக்கியை மட்டும் மொத்தத் தொகையாக ஏற்றாமல் பில்வாரியாக ஏற்றுங்கள். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் ‘எந்த பில்லுக்கு?’ என்று கேட்கும்போது முழிக்க வேண்டியிருக்கும். பழைய மென்பொருளைப் பார்க்க மட்டும் முடிகிற நிலையில் சில வருடம் வைத்திருங்கள். கணக்குப் புத்தகங்களை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ அதுவரையாவது.

இந்த வேலையெல்லாம் பாதியைத் தாண்டிய பிறகு விற்பனையாளரைக் கூப்பிடுங்கள். இந்த முறை டெமோவை நீங்கள் நடத்துங்கள். உங்கள் தொழிலில் உண்மையில் நடந்த பத்துச் சம்பவங்களை எழுதி இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். பாதி டெலிவரி, பில் இல்லாத வாபஸ், முன்பணம் வாங்கிய ஆர்டர், ஒரு குடோனிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றாகப் போன சரக்கு. ‘இவற்றை எங்கள் கண் முன்னால் செய்து காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். கணக்காளரும் குடோன்காரரும் அந்த அறையில் இருக்க வேண்டும். ‘செய்யலாம் சார்’ என்ற பதிலை ஏற்காதீர்கள். இப்போதே செய்யலாமா, அமைப்பில் ஒரு மாற்றம் போட வேண்டுமா, புதிதாக நிரல் எழுத வேண்டுமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ‘செய்யலாம்’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் மூன்றும் மூன்று விலை. நிரல் எழுதி மாற்றியவை ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் உடையக்கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சுருக்கமாக. யூசர் எண்ணிக்கை கூடினால் கட்டணம் எப்படி, இரண்டாம் வருடத்திலிருந்து எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். நாளைக்கு விலகினால் உங்கள் டேட்டா முழுவதையும் எந்த வடிவில், எத்தனை நாளில் தருவார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். நிறுவ வரப்போகிறவர் யார் என்று கேட்டு அவரோடு பேசுங்கள். விற்க வந்தவர் கையெழுத்துக்குப் பிறகு கண்ணில் படமாட்டார். பணத்தை வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுங்கள், கடைசித் தவணை முதல் மாதக் கணக்கு சரியாக முடிந்த பிறகு. அப்புறம், உங்கள் அளவுள்ள, இதே மென்பொருளை ஒரு வருடமாவது ஓட்டிய ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். அவரிடம் ‘திருப்தியா?’ என்று கேட்காதீர்கள். ‘எதையெல்லாம் இன்னும் எக்செலில் செய்கிறீர்கள்?’ என்று கேளுங்கள்.

இனி ஆட்கள். உங்கள் தம்பிக்கு வேகம் இருக்கிறது, அது தேவைதான். ஆனால் இந்த வேலைக்குத் தலைமை யார் என்று முடிவு செய்யும்போது, கணினி நன்றாகத் தெரிந்தவர் யார் என்று பார்க்காதீர்கள். குடோனில் ஒருவர் மறுத்துப் பேசினால் அவரைச் சமாதானம் செய்து வேலை வாங்கக் கூடியவர் யார் என்று பாருங்கள். அது தம்பியாகவே இருந்தால் நல்லது. யாராக இருந்தாலும் அவருடைய வழக்கமான வேலையில் பாதியையாவது வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுங்கள். ‘இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்’ என்று சொன்னால், அவர் எதையும் பார்க்கமாட்டார்.

கணக்காளரைப் பற்றி நீங்கள் எழுதிய தொனியைப் பார்த்தால், அவரைத் தடையாக நினைக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று படுகிறது. அவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். புதிய அமைப்பில் ஏறும் ஒவ்வொரு தொடக்க இருப்பும் அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்று அறிவியுங்கள். அவர் வேலை போகப் போவதில்லை என்பதை நேராகவும் வாய்விட்டும் சொல்லுங்கள். சொல்லாமல் புரிந்துகொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் பயம் நிஜமாகவே வேலையைப் பற்றியதாக இருக்கலாம், நோட்டில் இருப்பதெல்லாம் கணினிக்குப் போய்விட்டால் தன்னிடம் என்ன மிச்சம் என்று அவர் யோசிக்கலாம். அது நியாயமான கேள்வி. அதற்கு உங்களிடம் நேர்மையான பதில் இருக்க வேண்டும்.

மாறும் நாளை எப்படித் தேர்ந்தெடுப்பது? நிதியாண்டின் முதல் நாள் என்று பலரும் சொல்வார்கள், தொடக்க இருப்பு சுத்தமாக இருக்குமே என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த நேரத்தில்தான் கணக்குப் பிரிவு ஆண்டு முடிவுக் கணக்கில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். வியாபாரம் மந்தமாக இருக்கும் ஒரு மாதத்தின் முதல் தேதி போதும். அதற்கு முந்தைய இரண்டு நாள் குடோனைப் பூட்டிச் சரக்கை நேரில் எண்ணுங்கள். எக்செலில் இருக்கும் எண்ணிக்கையை அப்படியே ஏற்றினால் பழைய பொய்யைப் புது வீட்டுக்குக் குடிவைத்த கதைதான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். முதலில் கணக்கு, சரக்கு, விற்பனை பில், கொள்முதல். இவை ஒன்றோடொன்று பின்னியவை, பிரித்தால் இரட்டை வேலை. உற்பத்தித் திட்டமிடல், பார்கோடு, மொபைல் ஆப் எல்லாம் நான்கைந்து மாதம் கழித்து வரட்டும்.

பழையதையும் புதியதையும் மூன்று மாதம் இணையாக ஓட்டச் சொல்வார்கள். அறுபது பேர் உள்ள இடத்தில் அது நடக்காது. இரண்டு இடத்தில் பதிய வேண்டும் என்றால் ஆட்கள் சலித்துப்போய் இரண்டையும் அரைகுறையாகப் பதிவார்கள். பிறகு எது சரி என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக ஒத்திகை பாருங்கள். முடிந்துபோன ஒரு மாதத்தின் பதிவுகளைப் புதிய அமைப்பில் முழுவதும் போட்டு, மாத முடிவில் இருப்பும் பாக்கியும் வரிக் கணக்கும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதல் ஒத்திகை கட்டாயம் ஒத்துப்போகாது. காரணத்தைக் கண்டுபிடித்து மறுபடி. சம்பளக் கணக்கை மட்டும் இரண்டு மாதம் இணையாக ஓட்டலாம், அதில் தப்பு வந்தால் மன்னிப்பு கிடையாது.

இரண்டாவது ஒத்திகையும் ஒத்துப்போகாவிட்டால் தேதியைத் தள்ளிப்போடுவோம் என்று இப்போதே எழுதிவையுங்கள். அந்த நாள் நெருங்கும்போது எல்லோருக்கும் ஒரு வேகம் வந்துவிடும். தள்ளிப்போடச் சொல்பவர் கோழை போலத் தெரிவார். முன்பே எழுதிவைத்திருந்தால் அந்தப் பழி யார் மேலும் விழாது. மாறிய அன்று நெட் போனால் கையால் பில் போட அச்சடித்த புத்தகம் இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் வேலை மெதுவாகத்தான் நடக்கும். முக்கியமான வாடிக்கையாளர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குடோனில் கூடவே நின்று சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும், போனில் அல்ல, நேரில்.

மூன்று மாதத்தில் ஓடிவிடும் என்று அவர்கள் சொன்னது பொய் இல்லை. மென்பொருளை நிறுவ மூன்று மாதம் போதும். நான் மேலே சொன்ன உங்கள் பக்கத்து வேலைக்குத் தனியாக இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த மாதங்களை யாரும் தங்கள் கொட்டேஷனில் காட்டமாட்டார்கள், ஏனென்றால் அதற்கு அவர்கள் பில் போட முடியாது. உங்கள் தம்பியிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லாமல், ‘ஆரம்பித்தாகிவிட்டது, முதல் வேலை பொருள் பட்டியல்’ என்று சொல்லிப் பாருங்கள்.

எக்செலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழுக்க விட வேண்டியதில்லை. மென்பொருளிலிருந்து எண்களை எடுத்துவந்து எக்செலில் அலசுவது, ஒப்பிடுவது, படம் போடுவது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். நானும் தினமும் செய்கிறேன். மென்பொருளில் இல்லாத ஒரு எண்ணை எக்செலில் மட்டும் யாராவது எழுதிவைக்க ஆரம்பித்தால் அவரைக் கடிந்துகொள்ளாமல், ஏன் அங்கே எழுதுகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் உங்கள் பத்துச் சம்பவங்களில் சேர்க்க மறந்த பதினோராவது அதுவாக இருக்கும்.